கட்டாத மண்டபத்தை இடிப்பது எப்படி

"ஆவணி மாசத்துக் கடைசி முகூர்த்தத்தை எங்களுக்கு ஒதுக்கிடுங்க சார். ஏசி கட்டாயம் வேணும். மாடியில ரெண்டு ரூமு மாப்பிள்ளை வீட்டுக்கு."

வகுப்பறை வாசலில் நின்று இதைச் சொன்னவர் பரசுராமன். ஆரணியில் பட்டுச்சேலை வியாபாரி. கையில் தட்டு, தட்டில் வெற்றிலை, பாக்கு, பழம். முகத்தில் பெண்ணைப் பெற்றவரின் பதற்றம்.

உள்ளே 'சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு' என்று பலகையில் எழுதிக்கொண்டிருந்த பேராசிரியர் ராஜவேலு, சாக்பீஸும் கையுமாகத் திரும்பினார்.

"எந்த மண்டபம்ங்க?"

"இன்னா சார், தெரியாத மாதிரி கேக்கிறீங்க? காலேஜ் கேட்டாண்ட கட்டப் போறீங்களே, ஆயிரத்து ஐந்நூறு பேர் உக்கார்ற மண்டபம். ஓனர் தம்பிகூட ரெண்டாவது பெஞ்சுல உக்காந்துகினு இருக்காரே!"

இரண்டாவது பெஞ்சில் இருந்த விக்னேஷ் எழுந்து, பரசுராமனுக்குக் கம்பீரமாக ஒரு கும்பிடு போட்டான்.

ராஜவேலுவுக்கு விஷயம் விளங்கியது.

போன வருடம் எம்.எஸ்சி. மாணவர்களிடம், "ஏதாவது ஒரு திட்டத்தை எடுத்துக்கிட்டு, அது வந்தா சுற்றுச்சூழல் என்ன ஆகும்னு அறிக்கை எழுதுங்க" என்று சொல்லியிருந்தார். எல்லோரும் எங்கோ ஒரு நிலக்கரிச் சுரங்கத்துக்கு யாரோ எழுதிய அறிக்கையை இணையத்திலிருந்து இறக்கி, ஊர்ப் பெயரை மட்டும் மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். அதன்படி ஆரணி பேருந்து நிலையத்துக்குப் பின்னால் புலிகள் தண்ணீர் குடிக்க வந்தன. கரடிகள் குட்டி போட்டன.

அதனால் இந்த வருடம் அவரே ஒரு திட்டத்தைக் கற்பனை செய்தார். கல்லூரி வாசலை ஒட்டி, சுற்றுச்சுவருக்கு வெளியே கிடக்கும் காலி இடத்தில் ஒரு கல்யாண மண்டபம். விக்னேஷ்தான் முதலாளி. பானுப்ரியா எதிர்ப்பாளர். மற்ற நான்கு பேரும் அதிகாரிகள். மொத்தமே ஆறு மாணவர்கள்தான். கயிறு கட்டி, முளைக்குச்சி அடித்து, சுண்ணாம்பால் கோடு போட்டு, அசல் போலவே களப்பணி செய்தார்கள். அந்த இடம் பக்கத்து ஏரிக்குள் வருகிறது, அங்கே கட்டவே கூடாது என்பதுதான் கடைசியில் அவர்கள் கண்டுபிடிக்க வேண்டிய விடை. அதை ராஜவேலு தன் மனசுக்குள்ளேயே வைத்திருந்தார்.

"விக்னேஷ், நீ ஓனர் இல்லைன்னு ஐயாகிட்ட சொல்லுடா."

"பரீட்சை முடியற வரைக்கும் அந்த வேஷத்தை விட்டு வெளியே வரக்கூடாது, வந்தா மார்க்கு போயிடும்னு நீங்கதானே சார் சொன்னீங்க?" என்றான் விக்னேஷ். பிறகு பரசுராமனிடம், "பார்க்கிங்குக்கு ஒண்ணும் பிரச்சினை இல்லீங்க" என்றான்.

"பரசுராமன் சார், இது பாடத்துக்காகப் போட்ட கோடு. மண்டபம் கிடையாது" என்றார் ராஜவேலு.

பரசுராமன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "புரியுது சார். பெரிய இடத்துக்கு ஒதுக்கி வெச்சிருக்கீங்க. ஆனா ஒண்ணு. மண்டபம் கிடைக்காம இந்த ஊர்ல எத்தனை கல்யாணம் தள்ளிப் போவுது தெரியுமா? முகூர்த்தம் தள்ளிப் போனா சேலை ஆர்டர் தள்ளிப் போவுது, தறி நிக்குது. மனசு வைங்க."

தட்டை மேஜைமேல் வைத்துவிட்டுப் போயே போய்விட்டார்.

மாலைக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. ராஜவேலு வீட்டுக்குப் போனபோது மனைவி ஜெயம் வாசலிலேயே காத்திருந்தாள்.

"இவ்ளோ பெரிய மண்டபம் கட்டறீங்க, கட்டினவகிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே?"

"நான் எங்கடி கட்டறேன்? அது கற்பனை."

"எனக்குத் தெரியும், உங்களுக்கு அவ்ளோ துப்பு ஏதுன்னு. ஆனா எங்க அக்கா நம்பிட்டாளே! அவ பொண்ணுக்குத் தை மாசத்துல நாள் கேட்டா, சரின்னுட்டேன்."

"சரின்னுட்டியா?"

"பின்ன? அவ நாத்தனாரு முன்னாடி கேட்டா. அவ முன்னாடி நம்ம மானத்தை வாங்கச் சொல்றீங்களா?"

மறுநாள் காலை ராஜவேலு அந்தக் காலி இடத்தில் ஒரு பலகையை நட்டார். 'இது கற்பனைத் திட்டம். இங்கே மண்டபம் கட்டப்படாது.' தெளிவான பெரிய எழுத்து. நிம்மதியாகப் பாடம் நடத்தப் போனார்.

மதியம் வந்து பார்த்தால் முளைக்குச்சிகளுக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் அறுத்து வைத்திருந்தது. பூமி பூஜையே நடந்துவிட்டது. பரசுராமன் பலகையின் முன்னால் நின்று பத்துப் பேருக்கு விளக்கிக்கொண்டிருந்தார்.

"கண்ணு படாம இருக்கத்தான் இது. நாம பூசணிக்காய் கட்டுவோம், பொம்மை கட்டுவோம். சார் இப்படி ஒரு போர்டு வெச்சிருக்காரு. படிச்சவங்க படிச்சவங்கதான்யா!"

அன்று சாயங்காலம் தாளாளர் பன்னீர்செல்வம் கூப்பிட்டனுப்பினார். களம்பூரில் அரிசி ஆலை, ஆரணியில் கல்லூரி, இரண்டும் அவருடையவை. கல்லூரிக்குள் நுழையும்போதெல்லாம் கேட் ஓரத்தில் இருக்கும் காவல் சாமி கல்லுக்கு முன்னால் காரை நிறுத்தி இறங்கி, மஞ்சளும் குங்குமமும் தன் கையாலேயே பூசிவிட்டுத்தான் வருவார். வேறு யாரும் அந்தக் கல்லைத் தொடக் கூடாது. அத்தனை பக்தி.

"இன்னாபா ராஜவேலு, பேஜாரா கீது? காலையில இருந்து எங்க மில்லுக்கு வந்து நாள் கேட்டுகினு இருக்கானுங்க."

"அது பாடத்துக்காக ஐயா..."

"வெள்ளிக்கிழமை யூனிவர்சிட்டியில இருந்து ஆளுங்க வராங்க. உன் டிபார்ட்மென்ட்ல இருக்கிறது ஆறு பேரு. இந்தக் கோர்ஸை வெச்சுக்கிறதா, மூடுறதான்னு அவங்கதான் சொல்லப் போறாங்க. அவங்க வர்றதுக்குள்ள அந்த மண்டபத்தை இடிச்சுடு."

"இன்னும் கட்டவே இல்லையே ஐயா."

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. கோர்ஸ் மூடிட்டா களம்பூர் மில்லுக்கு வந்துடு. எவ்ளோ தூசி பறக்குதுன்னு அளந்துகினு இரு. அதுவும் உன் சப்ஜெக்ட்டுதானே?" பன்னீர்செல்வம் எழுந்து போகிறபோது திரும்பினார். "இன்னொண்ணு. உன் பசங்க எதை வேணா அளக்கட்டும். நம்ம சுவருக்கு இந்தப் பக்கம் மட்டும் டேப்பு வரக்கூடாது. வாஸ்துக்கு ஆவாது."

ராஜவேலு வகுப்பறைக்கு வந்து உட்கார்ந்தார். அந்தக் கட்டிடத்திலேயே தாழ்வான அறை அவருடைய துறைக்குத்தான். மழைக்காலத்தில் மாணவர்களுக்கு முன்பே தவளைகள் வந்து உட்கார்ந்திருக்கும். ஒருமுறை தண்ணீர்ப் பாம்பு ஒன்று தேர்வு எழுதவே வந்துவிட்டது. ராஜவேலு அசரவில்லை, பல்லுயிர் வளம் பற்றி அன்றைக்கே ஒரு வகுப்பு எடுத்துவிட்டார். பதினோரு வருடமாக இந்த அறைதான் அவருக்கு உலகம். இதை விட்டுவிட்டுத் தூசி அளப்பதா?

"சார், பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் பாடத்துல இருக்கே?" என்றாள் பானுப்ரியா. "அதை வெள்ளிக்கிழமையே வெச்சிடலாம். ஊரைக் கூப்பிடுவோம். நான் எதிர்ப்புச் சொல்றேன். நீங்க எல்லார் முன்னாடியும் திட்டம் ரத்துன்னு அறிவிச்சிடுங்க. யூனிவர்சிட்டிக்காரங்களும் நேர்ல பார்த்த மாதிரி இருக்கும்."

ராஜவேலுவுக்குக் கண்ணில் ஒளி வந்தது. கூடவே ஒரு பாதுகாப்பும் செய்துகொண்டார். தாலுகா ஆபீசுக்குப் போய் சர்வேயர் தருமனைப் பிடித்தார். ஏரிக்குள் இடம் வருகிறது என்று அரசாங்க ஆளே அளந்து சொல்லிவிட்டால் அதற்குமேல் யாரால் பேச முடியும்?

"அந்த மண்டபமா சார்? கட்டாயம் வரேன்" என்றார் தருமன் உற்சாகமாக. "என் தங்கச்சி பொண்ணுக்கும் இடம் பார்த்துகினுதான் இருக்கோம்."

வெள்ளிக்கிழமை வந்தது. கூட்டம் நடக்கும் இடம் கல்யாண வீடு மாதிரி இருந்தது. பரசுராமன் உபயத்தில் பந்தல், வாசலில் வாழைமரம். பெண்கள் பட்டுச்சேலை சரசரக்க வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். ஜெயமும் அக்காவும் அக்காவின் நாத்தனாரும் நடுவில். பல்கலைக்கழகக் குழுவின் தலைவர் ரேணுகாதேவிக்கு யாரோ பன்னீர் தெளித்துச் சந்தனம் கொடுத்துவிட்டார்கள்.

பானுப்ரியா மைக்கைப் பிடித்தாள். "இங்க மண்டபம் வந்தா ஜெனரேட்டர் புகை வரும். காத்து கெட்டுப் போகும்!"

"ஜெனரேட்டரே வேணாம்மா, சோலார் போட்டுக்கிறோம்" என்றது கூட்டம்.

"ஆயிரம் எச்சில் இலை விழும். எங்க கொட்டுவீங்க?"

"உரமாக்கிடுறோம்!"

"பாட்டுக் கச்சேரி சத்தத்துல பறவை எல்லாம் ஓடிடும்!"

"கச்சேரி கட்! பொண்ணு மாப்பிள்ளை நிம்மதியாத் தூங்கட்டும்!" என்றார் பரசுராமன். கைதட்டல் காதைப் பிளந்தது.

"வண்டி நெரிசல்?"

"நடந்தே வரோம்டி யம்மா" என்றாள் ஜெயத்தின் அக்கா. "நாளை மட்டும் குடுங்க!"

பானுப்ரியா ராஜவேலுவைத் திரும்பிப் பார்த்தாள். "சார், எதிர்க்க இனிமே என்கிட்ட ஒண்ணும் இல்ல. எனக்கே அங்க கல்யாணம் பண்ணிக்கலாம் போல இருக்கு."

ரேணுகாதேவி மகிழ்ந்து போயிருந்தார். "இருபது வருஷமா இந்தப் பாடத்தை நடத்துறேன் ராஜவேலு. இவ்வளவு பொறுப்பான ஜனங்களை நான் பார்த்ததே இல்ல. வகுப்பறையை ஊருக்குள்ள கொண்டுவந்துட்டீங்க. உங்க கோர்ஸை யாரு மூட முடியும்?"

ராஜவேலு ஒரு சாண் உயர்ந்தார். கோர்ஸ் பிழைத்தது. இனி மண்டபத்தை ஒழித்துவிட்டால் தாளாளருக்கும் திருப்தி. மைக்கை வாங்கினார்.

"பெரியோர்களே, உங்க ஆர்வம் புரியுது. ஆனா சட்டம்னு ஒண்ணு இருக்கு. ஏரிக்குள்ள ஒரு செங்கல்லைக்கூட வைக்க முடியாது. வெச்சா இடிக்கத்தான் வேணும். யாரா இருந்தாலும் சரி, எவ்ளோ பெரிய கட்டிடமா இருந்தாலும் சரி! இதோ, சர்வேயர் இப்பவே உங்க முன்னாடி அளந்து காட்டுவாரு."

ரேணுகாதேவி பலமாகத் தலையாட்டி, தன் குறிப்பில் அதை எழுதிக்கொண்டார்.

தருமன் வரைபடத்தை விரித்தார். தூரத்தில் ஏரிக்கரைமேல் இருந்த எல்லைக்கல்லிலிருந்து டேப் புறப்பட்டது. ஊரே பின்னால் நடந்தது. டேப் முளைக்குச்சிகளை ஒருபக்கமாக விட்டுத் தாண்டியது. தாண்டி, நேராகக் கல்லூரி கேட்டை நோக்கிப் போனது.

அப்போதுதான் பன்னீர்செல்வத்தின் கார் வந்து நின்றது. இறங்கியவர் டேப்பைப் பார்த்தார். முகம் வெளிறியது.

"யோவ் ராஜவேலு! யாருய்யா அளக்கச் சொன்னது? மழை வர மாதிரி இருக்குது, ஜல்தி எல்லாரையும் அனுப்பு!"

வானத்தில் ஒரு மேகம் இல்லை. "ரெண்டே நிமிஷம் ஐயா. மண்டபம் இன்னியோட ஒழிஞ்சுது" என்றார் ராஜவேலு பெருமையாக.

"இங்கதான் ஏரியோட இன்னொரு எல்லைக்கல்லு இருக்கணும்" என்று சொல்லிக்கொண்டே தருமன் கேட் ஓரத்துக்கு வந்தார். பன்னீர்செல்வம் பாய்ந்து போய்க் காவல் சாமிக்கு முன்னால் கைகளை விரித்து நின்றார்.

"சாமி கல்லுய்யா! செருப்போட கிட்ட வராதே!"

தருமன் மரியாதையாகச் செருப்பைக் கழற்றினார். சாமியைக் கும்பிட்டார். பிறகு குனிந்து, பன்னீர்செல்வத்தின் கால்களுக்கு இடையே கையை விட்டு, பல வருட மஞ்சளையும் குங்குமத்தையும் கட்டைவிரலால் வழித்தார். உள்ளேயிருந்து அரசாங்க முத்திரை வெளியே வந்தது. வரைபடத்தைப் பார்த்தார். காலி இடத்தைப் பார்த்தார். கல்லூரிக் கட்டிடத்தைக் கீழிருந்து மேல்மாடி வரை நிதானமாகப் பார்த்தார்.

ஊர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. ரேணுகாதேவி பேனாவைத் தயாராக வைத்திருந்தார்.

"சொல்லுங்க தருமன், சத்தமா சொல்லுங்க" என்றார் ராஜவேலு.

தருமன் டேப்பைச் சுருட்டிக்கொண்டே, வாய் நிறையச் சிரிப்போடு சொன்னார்.

"மண்டபத்துக்கு ஒரு தடையும் இல்ல சார், தாராளமா கட்டலாம், ஏரிக்குள்ள இருக்கிறது உங்க காலேஜுதான்."