பிள்ளைகளுக்கு உப்பு ஆகாது

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டு, திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் எவர்சில்வர் பாத்திரங்களைத் தட்டிக் காட்டி விற்றுக் காலம் கழித்தவன் நான். நாலு பேர் முன்னால் வாயைத் திறந்தால் நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். இப்படிப்பட்டவன் பத்திரிகைக்கு எழுதுவது அதிகப்பிரசங்கித்தனம்தான். ஆனால் வாயால் திட்டித் தீர்க்கத் தெரியாத கோபம் ஒன்று பல வருஷமாக உள்ளே கிடக்கிறது. எழுதியாவது பார்க்கிறேன்.

கோபம் மண்புழு சார் மேல்.

உலகத்தில் எல்லோரும் ஹோட்டலுக்குச் சாப்பிடப் போகிறார்கள். சாப்பிட்டு மிஞ்சியதற்காகப் போன ஒரே மனிதர் மண்புழு சார். அதிலும் தன் மிச்சத்துக்காக அல்ல, எங்கள் மிச்சத்துக்காக.

இரண்டாயிரத்தை ஒட்டிய வருஷங்கள் அவை. கரமனையில், அக்ரஹாரத் தெருவில், அவர் வீட்டின் கீழ்ப்பகுதியில் நானும் என் மனைவி செல்வியும் மகளும் வாடகைக்கு இருந்தோம். மாடியில் அவர். சர்க்கார் ஆபீசில் சூப்பிரண்டாக இருந்து ஓய்வு பெற்றவர், தனியாள். அசல் பெயர் வாசல் பலகையில் இருந்தது, அதை யாரும் படித்ததில்லை. தமிழ் வீடுகளில் மண்புழு சார், மலையாள வீடுகளில் மண்ணிர சார். இரண்டுக்கும் ஒரே அர்த்தம்தான். ஏதோ ஒரு விவசாயக் கண்காட்சியில் ஒரு டப்பா மண்புழு வாங்கி வந்து, கொல்லையில் துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் சிமெண்டுத் தொட்டி கட்டி அதில் விட்டார். அன்று பிடித்தது எங்களுக்குச் சனி.

நகரத்துக் குப்பை எல்லாம் அப்போது லாரியில் ஏறி வெளியே ஒரு கிராமத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. அந்த ஊர்க்காரர்கள் பொறுக்க முடியாமல் மறியல் செய்தால் லாரி நின்றுவிடும். எங்கள் தெருமுனை நாறும். சார் மாடிப்படியில் நின்று கத்துவார்.

"நாம தின்னுட்டு எறியறதை அடுத்த ஊர்க்காரன் என்னத்துக்கு மோந்து பாக்கணும்? கேக்கறேன், என்னத்துக்கு?"

கீழே நிற்பவன் நான் ஒருவன்தான். "என்னத்துக்கு சார்?" என்பேன்.

"அதைத்தானே ஓய் நானும் கேக்கறேன்!"

அவர் சொன்னது நியாயம். நியாயம் பேசுகிறவரோடு ஒரே வீட்டில் குடியிருந்து பார்த்தால்தான் அதன் கஷ்டம் தெரியும். பால் கவரைக் கழுவிச் செல்வியின் சேலைகளுக்கு நடுவே கொடியில் காயப்போடுவார். என் மாமனார் முதல் தடவை வீட்டுக்கு வந்தபோது அவரை வரவேற்றது வரிசையாகத் தொங்கிய பால் கவர்கள்தான். பழைய சாமான் வாங்க வரும் ஆக்ரிக்காரரை நிறுத்தி, மூடி வேறு பாட்டில் வேறு என்று பிரிக்கச் சொல்லி வகுப்பு எடுப்பார். கொஞ்ச நாளில் ஆக்ரிக்காரர் எங்கள் தெரு வந்ததும் கூவுவதை நிறுத்திவிட்டு, திருடன் மாதிரி ஓசையில்லாமல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போக ஆரம்பித்தார்.

இதெல்லாம் போகட்டும். மண்புழுக்கள் பெருகின. ஒற்றை ஆள் சமையலில் மிஞ்சும் காய்த்தோல் அவற்றுக்குப் போதவில்லை. அப்போதுதான் நாங்கள் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹோட்டலுக்குப் போவது அவருக்குத் தெரிய வந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை செல்வியுடையது. அதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும். நகையோ சினிமாவோ அவள் கேட்டதில்லை. மாதத்தில் ஒரு மத்தியானம் யாராவது சமைத்து, யாராவது பரிமாறி, சாப்பிட்டதும் இலையை மடக்கிவிட்டு எழுந்து, கை கழுவி, வெளியே போய் நிற்க வேண்டும். இலையை யார் எடுப்பார்கள், மேஜையை யார் துடைப்பார்கள் என்று அவள் நினைக்கக் கூடாது. கேட்டது அவ்வளவுதான்.

அந்த ஒரு மத்தியானத்துக்குள்தான் சார் பெரிய ரெக்சின் பையோடு நுழைந்தார்.

"ஓய், ஹோட்டலுக்குப் போறேளாமே? நானும் வரேன். என் சாப்பாட்டுக்கு நான் கொடுத்துக்கறேன். எலையை மட்டும் தூரப் போடாதேங்கோ."

வீட்டுக்காரர் கேட்கிறார். முடியாது என்கிற சொல் எனக்கு வராது. கடையிலேயே விலை குறைக்க முடியாது என்று சொல்ல முதலாளியைத்தான் கூப்பிடுவேன்.

முதல் நாளே எல்லாம் விளங்கிவிட்டது. சாப்பிட்டு முடித்ததும் சார் எழுந்து பையை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார். "அம்மா செல்வி, ஒவ்வொண்ணா இதுல போடு." போட்டாள். "அப்படியே போடாதே, கொழம்புல உப்பு இருக்கு, காரம் இருக்கு. கொஞ்சம் அலம்பிப் போடு." கை கழுவுகிற குழாயடியில், பின்னால் ஏழெட்டுப் பேர் எச்சில் கையைத் தூக்கிக்கொண்டு காத்திருக்க, என் மனைவி எங்கள் நான்கு இலைகளையும் அலம்பினாள். பட்டுச்சேலை முழங்கால் வரை நனைந்தது. சார் பையைப் பிடித்துக்கொண்டே, "ஓரத்துல பச்சடி இருக்கு பார்" என்று சொல்லிக் கொடுத்தார்.

அது வழக்கமாகிவிட்டது. ஒரு மாதம்கூட விடாமல் வந்தார். "மண்ணிர சார் வருன்னு!" என்று மகள் ஜன்னலிலிருந்து கத்தினால் செல்வி கட்டிய நல்ல சேலையை அவிழ்த்துவிட்டு, நனைந்தால் சீக்கிரம் காயும் பழைய வாயில் சேலையாகக் கட்டிக்கொள்வாள்.

ஊறுகாய் விஷயம் தனி. உப்பு பட்டால் மண்புழுவுக்கு ஆகாது, எலுமிச்சையும் ஆகாது. அதனால் எங்களில் யாருக்கும் ஊறுகாய் கிடையாது. ஒரு நாள் ஃபேமிலி ரூமில் பரிமாற வந்தவர் புது ஆள், தென்காசிப் பக்கம்.

"ஊறுகாய் வைக்காதேயும்" என்றார் சார். "பிள்ளைகளுக்கு உப்பு ஆகாது."

பரிமாற வந்தவர் என் மகளைப் பார்த்தார். "பாப்பாவுக்கா சார்?"

"அவளுக்கு என்ன கேடு? என் பிள்ளைகளைச் சொல்றேன்."

"அவங்க எங்க சார்?"

"ஆத்துல."

சார் பேச்சில் ஆத்துல என்றால் வீட்டில். தென்காசிக்காரருக்கு ஆறு என்றால் ஆறுதான். அதுவும் கரமனை ஆறு பக்கத்திலேயே ஓடுகிறது.

"ஆத்துலயா! யாரு சார் பாத்துக்கிடுதா?"

"பாத்துக்க என்ன இருக்கு? தொட்டியில போட்டு ஈரச்சாக்கால மூடிட்டு வந்திருக்கேன். இருட்டுன்னா அதுகளுக்கு உசிர்."

"மூடிட்டு வந்தியளா? மொத்தம் எத்தனை பிள்ளைய சார்?"

"யார் எண்ணினா? ஆயிரம் இருக்கும். அப்பப்போ ஒரு கை சாணி போட்டாப் போறும், சமத்தாக் கெடக்கும்."

அந்த மனிதர் சாம்பார் வாளியோடு பின்பக்கமாகவே நடந்து வெளியே போனார். கொஞ்ச நேரத்தில் திரைச்சீலை இடுக்கில் மேனேஜரின் ஒரு கண் தெரிந்தது. போளியும் பாயசமும் வருவதற்கு முன் பில் வந்துவிட்டது. போளிக்காகவே வந்திருந்த மகள் வீடு வரை அழுதாள். "என்ன ஹோட்டல் ஓய் இது, மரியாதை தெரியாதவன்கள்" என்று சார் எங்களைவிடக் கோபப்பட்டார்.

ஹோட்டலை மாற்றினோம். புது ஹோட்டலில் புது நாகரிகம் வந்திருந்தது. வாழையிலை மாதிரியே வெட்டி, நடு நரம்பு கூட அச்சடித்து, மேலே பிளாஸ்டிக் பூசிய காகித இலை. ஃபேமிலி ரூமில் வெளிச்சம் மட்டு, சாருக்குக் கண் மட்டு. செல்வி அலம்பும்போதே கண்டுபிடித்துவிட்டாள். சொல்லவில்லை. என்னைப் பார்த்துக் கண்ணால் மிரட்டினாள். நானும் சொல்லவில்லை.

பிறகு நாள்தோறும் சார் தொட்டிக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து கவலைப்பட்டார். "சாப்பிடவே மாட்டேங்கறது ஓய். ஒடம்புக்கு என்னமோ." மாதம் முடிகிற நேரத்தில் சாக்கை விலக்கி ஒன்றை உருவி வெயிலில் பிடித்துப் பார்த்தார். இலை கடையில் வாங்கின மாதிரி அப்படியே இருந்தது. நரம்புகூட அழியவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை, கூட்டம் நெரிகிற நேரத்தில், நாங்கள் மூன்று பேரும் பசியோடு பின்னால் நிற்க, சார் அந்த அழுக்கு இலையை ஹோட்டல் கல்லாமேஜை மேல் விரித்து வைத்தார்.

"உம்ம எலையை நீரே வச்சுக்கும். என் பிள்ளைகள் ஒரு மாசம் நக்கிப் பாத்தாச்சு."

மேனேஜர் மலையாளி. "சாரே, தின்னான் தந்தது சோறல்லே? இலையல்லல்லோ!" தின்னக் கொடுத்தது சோறுதானே, இலை இல்லையே என்று எழுந்துவிட்டார். ஹோட்டலே சிரித்தது. சார் சிரிக்கவில்லை. "மாட்டுக்குப் போனா மாடு சாகும் ஓய்! மண்ணுக்குப் போனா மண்ணு சாகும்! உமக்குச் சிரிப்பா இருக்கா?" என்று அவர் போட்ட சத்தத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் தங்கள் இலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள். எங்கள் நாலு பேரையும் வாசலுக்குத் தள்ளிவிட்டார்கள். அன்று மத்தியானம் செல்வி வீட்டுக்கு வந்து உலையில் அரிசி போட்டாள்.

அடுத்த மாதம் அவள் தெளிவாகச் சொன்னாள். "இந்தத் தடவை அவரு வந்தா நான் எந்திரிச்சுப் போயிருவேன். ஓட்டலை விட்டு இல்ல. ஊருக்கு."

செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கொல்லை வழியாகத் தப்பினோம். சந்தில் ஓடி பஸ் ஸ்டாப்பை அடைந்தால், ரெக்சின் பையோடு சார் நின்றுகொண்டிருக்கிறார். "என்ன ஓய், இவ்வளவு லேட்டு? ரெண்டு பஸ்ஸை விட்டுட்டேன்."

தம்பானூர் போனோம். அங்கே ரயில் பிடிக்கிற கூட்டம், எங்களை யாருக்கும் தெரியாது. நல்ல வாழையிலை. நல்ல சாப்பாடு. போளிகூட வந்தது. செல்வி யாரையும் பார்க்காமல் மெதுவாக, பொறுமையாகச் சாப்பிட்டாள். கடைசி மோர் வரை குடித்தாள். இலையை மடக்கினாள். சார் எழுந்து பையை விரித்தார்.

"அம்மா செல்வி."

"நான் எடுக்க மாட்டேன் சார்."

"ஏன், கை வலியா?"

"கை நல்லாத்தான் இருக்கு. தெனமும் எல்லாரு எச்சிலையும் நாந்தான் எடுக்கேன். எடுக்காம எந்திரிச்சுப் போறதுக்குத்தான் இங்க வாறேன். உங்க புழுவுக்கு விருந்து வைக்கதுக்கா நான் சீலை மாத்திக் கட்டிட்டு வந்தேன்?" அவள் குரல் உயரவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "ஒரு நாளாவது ஒரு எலையத் தொட்டிருக்கியளா சார்? பையப் பிடிச்சுக்கிட்டு நிக்கியளே, சாமிக்குக் கொடை பிடிக்க மாதிரி."

சார் முகம் சிவந்துவிட்டது. "நான் என்ன எனக்காகவா பண்றேன்? ஊருக்காக—"

"ஊருக்காகச் செய்யது சரிதான். அந்த ஊருல நானும் ஒருத்திதான சார்?"

பக்கத்து மேஜைகளில் தலைகள் திரும்பின. எனக்கு மேஜைக்கு அடியில் போய்விடலாம் போலிருந்தது. சார் பையை என் மேல் எறியாத குறையாகத் தள்ளினார்.

"பிடியும் ஓய். அதுக்காவது ஆவீரா பாப்போம்."

எங்கள் தெருவில் ஒருவர் சாப்பிட்ட இலையை அடுத்தவர் தொட்டால் குளிக்காமல் உள்ளே வரமாட்டார்கள். அந்தத் தெருவில் பிறந்து வளர்ந்தவர் முதலில் என் மகளின் இலையைத் தூக்கினார். பாயசம் வழிந்து அவருடைய வெள்ளை வேட்டியில் விழுந்தது. அடுத்து என் இலை. பிறகு தன் இலை. கடைசியில் செல்வியின் இலைக்குக் கை நீட்டினார். அவள் பதறிப் பாதி எழுந்துவிட்டாள்.

"ஐயோ, வேண்டாம் சார், விடுங்க—"

"நீ பேசாதே. போய்க் கையை அலம்பிண்டு வெளில நில்லு."

அவள் போனாள். கை கழுவினாள். பெருஞ்சீரகம் ஒரு சிட்டிகை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு வாசலில் போய் ரோட்டைப் பார்த்து நின்றாள். உள்ளே குழாயடியில் சார் நான்கு இலைகளையும் அலம்பினார். அலம்பத் தெரியவில்லை. சுற்றி நின்றவர்கள் எல்லோரையும் நனைத்தார். கோபித்தவர்களைத் திருப்பிக் கோபித்தார். திரும்பி வரும்போது பஸ்ஸில் சொட்டுகிற பையை மடியில் வைத்துக்கொண்டு வந்தார்.

இவ்வளவு எழுதியும் எனக்குக் கோபம் தீரவில்லை. எங்கள் ஞாயிற்றுக்கிழமைகளை அவர் கெடுத்தார், கெடுத்தார்தான். வாழ்க்கையில் நான் யாரோடும் சண்டை போட்டதில்லை, யாரையும் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்ததும் இல்லை. இவ்வளவு வருஷம் உள்ளேயே வைத்துக் கோபப்பட எனக்குக் கிடைத்தது அந்த ஒரு மனிதர்தான்.

மறுநாள் திங்கட்கிழமை. செல்வி இட்லி அவித்தாள். நான்கு இட்லியைத் தட்டில் வைத்து மூடி, மாடியில் கொடுத்துவிட்டு வரச் சொன்னாள். கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். நான் கடைக்குப் போய்விட்டேன்.