அத்தை தலையாட்டிய முகூர்த்தம்

ஆறு கேமராக்களையும் ஒரு டைரக்டரின் ரத்த அழுத்தத்தையும் ஒரே கையால் ஏற்றி இறக்கக்கூடிய மனிதர் இந்தியத் தலைநகரில் ஒருவர்தான் இருந்தார். அவர் தலையாட்டி சார். உண்மைப் பெயர் வருகைப் பதிவேட்டில் இருந்தது. அங்கேயும் யாரும் அதைப் படித்ததில்லை.

கல்யாணம், மாநாடு, பட்டமளிப்பு என்று தில்லியில் எது நடந்தாலும் நேரலையில் காட்டுவது எங்கள் சின்ன கம்பெனியின் தொழில். கேமராக்கள் மண்டபத்துக்குள் இருக்கும். அவற்றின் பின்னால் ஆள் இருக்க மாட்டார். ஆள் வேறு அறையில், பெரும்பாலும் மண்டபத்து ஸ்டோர் ரூமில், அரிசி மூட்டைக்கும் மடக்கு நாற்காலிகளுக்கும் நடுவே உட்கார்ந்து, ஒரு ஜாய்ஸ்டிக்கைத் திருகி ஆறையும் ஆட்டுவிப்பார். அந்த ஆள்தான் தலையாட்டி. பக்கத்தில் உட்கார்ந்து, எந்தக் கேமராவின் படம் வெளியே போக வேண்டும் என்று பொத்தானை அமுக்குகிற டைரக்டர் நான். படம் வெளியே போகிற கேமராவின் தலையிலும், எங்கள் திரையில் அதன் படத்தின் ஓரத்திலும் சிவப்பு விளக்கு எரியும். தொழில்நுட்பம் இவ்வளவுதான். மற்றதெல்லாம் தலையாட்டியின் கொள்கைகள்.

முதல் கொள்கை, கேமராவை நம்பர் சொல்லிக் கூப்பிடக்கூடாது. உலகம் முழுக்க டைரக்டர்கள் ஒன்று, இரண்டு என்றுதான் சொல்கிறார்கள். நானும் முதல் நாள் அப்படித்தான் சொன்னேன்.

"டூ, கொஞ்சம் டைட், இன்னும் கிட்டப் போங்க சார்."

ஜாய்ஸ்டிக்கில் அவர் கை அசையவில்லை. "டைரக்டரம்மா, வீட்டுப் பெரியவகளை நம்பர் சொல்லியா கூப்பிடுவாக?"

விருதுநகர் பக்கத்துக்காரர். தில்லிக்கு வந்து முப்பது வருடமாகியும் அந்த 'வாக' விட்டுப்போகவில்லை. கேமராக்களுக்கு அவர் உறவுமுறை வைத்திருந்தார். மண்டபம் முழுவதையும் ஒரே பார்வையில் பார்த்துக்கொண்டு, அசையாமல் உட்கார்ந்திருக்கும் ஒன்றாம் கேமரா பெரியப்பா. ஓர் இடத்தில் நிற்காமல் துழாவிக்கொண்டே இருக்கும் இரண்டு, சித்தப்பா. எதையும் மிக அருகில் போய்ப் பார்த்துக் குறை கண்டுபிடிக்கும் மூன்று, அத்தை. கூரையில் தொங்கிக்கொண்டு, ஒரு வேலையும் செய்யாமல் மரியாதை மட்டும் எதிர்பார்க்கும் ஆறு, மாப்பிள்ளை.

வேறு வழியில்லாமல் நானும் அதற்கு வந்து சேர்ந்தேன். ஒருமுறை ஒரு பெரிய தமிழ் அதிகாரி, வேலை எப்படி நடக்கிறது என்று பார்க்க என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். நான் கவனிக்கவில்லை. "சித்தப்பா, உள்ள வாங்க! அத்தை, என்ன தூக்கமா? மாப்பிள்ளையைக் கொஞ்சம் இறக்கி விடுங்க!" என்று கத்திக்கொண்டிருந்தேன். அதிகாரி மெதுவாகக் குனிந்து, "உங்க குடும்பமே இங்கதான் வேலை செய்யுதாம்மா?" என்று கேட்டார். "அச்சாவா இருக்கில்ல சார்?" என்றார் தலையாட்டி.

இரண்டாவது கொள்கைதான் அவருக்குப் பெயர் வாங்கிக்கொடுத்தது. மண்டபத்தில் யாராவது கேமராவைப் பார்த்துச் சிரித்தாலோ கும்பிட்டாலோ, பதில் மரியாதை செய்யாமல் அவரால் இருக்க முடியாது. ஜாய்ஸ்டிக்கை மேலும் கீழும் மெல்ல அசைப்பார். அங்கே ஸ்டாண்டில் நிற்கிற கேமரா அழகாகத் தலையை ஆட்டும். குழந்தைகள் கூட்டமாக வந்து நின்று, "நீ சாப்டியா?" என்று கேட்கும், கேமரா தலையாட்டும். நிகழ்ச்சியை விட்டுவிட்டு பாதிப்பேர் கேமராவிடம் பேசிக்கொண்டிருப்பார்கள்.

இதற்கும் சட்டதிட்டம் வைத்திருந்தார். சிவப்பு விளக்கு எரியும்போது ஆட்டக்கூடாது. பார்க்கிறவர்களுக்குப் படம் குலுங்கும். பொய்யாகவும் ஆட்டக்கூடாது. அவர் நிஜமாகவே சாப்பிட்டிருந்தால்தான் கேமரா, சாப்பிட்டேன் என்று தலையாட்டும். ஒருநாள் ஒரு குழந்தையின் கேள்விக்கு உண்மையான பதில் சொல்வதற்காக, நேரலை நடுவில் எழுந்துபோய் இரண்டு இட்லி தின்றுவிட்டு வந்தார். அந்த ஐந்து நிமிடமும் பெரியப்பாவை மட்டும் வைத்துக்கொண்டு நான் ஓட்டிய பாடு எனக்குத்தான் தெரியும்.

சாணக்யபுரி பக்கம் ஒரு ஹோட்டலில் டாக்டர்கள் மாநாடு. காபியை நிறுத்தினால் தென்னாட்டுக்காரர்களின் பாதி வியாதி ஓடிவிடும் என்று மேடையில் ஒரு பெரிய டாக்டர் ஆங்கிலத்தில் முழங்கினார். எதிரே இருந்த அத்தை இடமும் வலமுமாகத் தலையை அசைத்தது. டாக்டர் பேச்சை நிறுத்தி, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, அதே வாக்கியத்தை இன்னொரு முறை சொன்னார். அத்தை இன்னும் அழுத்தமாக மறுத்தது. மனிதர் தண்ணீர் குடித்தார், காகிதங்களைப் புரட்டினார், எங்கே விட்டோம் என்று தெரியாமல் நன்றி சொல்லிவிட்டு இறங்கிவிட்டார்.

"என்ன சார் பண்ணி வச்சிருக்கீங்க!"

"செவப்பு லைட் எரியலையே டைரக்டரம்மா. சும்மா இருந்த அத்தை, மனசுல பட்டதைச் சொல்லுச்சு."

புகார் வந்தது. எங்கள் முதலாளி பஞ்சாபிக்காரர். கோபம் வந்தால் குரலைத் தாழ்த்திவிடுவார், அதுதான் பயம். அன்றைக்குக் கிட்டப் போய்க் காதைக் கொடுத்தால்தான் விழுந்தது, அவ்வளவு தாழ்த்தியிருந்தார். அடுத்த நிகழ்ச்சியில் படம் காரணமில்லாமல் குலுங்கினால், அதற்குக் காரணம் ஆபரேட்டரோ டைரக்டரோ, அந்த ஆள் மறுநாள் வரவேண்டாம் என்றார். என் ஒப்பந்தமும் அந்த மாதத்தோடு முடிகிறது. நான் தலையாட்டியைப் பிடித்து உட்கார வைத்து, இனிமேல் எந்தக் கேமராவும் எதற்கும் தலையாட்டாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டேன். சத்தியம் செய்யும்போதே அவர் முகம் தொங்கிப்போனது. எனக்கு இரக்கம் வரவில்லை.

அடுத்த நிகழ்ச்சி, புசா ரோடு பக்கத்து மண்டபத்தில் ஒரு தமிழ்க் கல்யாணம். காலை முகூர்த்தம். பெண்ணின் அம்மா கோவில்பட்டியில் இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் இருந்தார். தள்ளிப்போடலாம் என்று பெண் அழுதிருக்கிறாள். நேரலையில் பார்த்துக்கொள்கிறேன், தேதியை மாற்றாதே என்று அம்மாதான் பிடிவாதம் பிடித்தாராம். அதனால் அன்றைக்கு எங்கள் படம் யாருக்காக என்பதில் சந்தேகமே இல்லை.

காலையில் ஒரு மணி நேரம் தலையாட்டியைக் காணவில்லை. வயர் இழுக்க ஆளில்லாமல் நான் தவித்துக்கொண்டிருந்தபோது, அவர் மண்டபத்துக்கு வெளியே வெயிலில் நின்று போன் பேசிக்கொண்டிருந்தார். நாம் கூப்பிட்டால் எடுக்கவே மாட்டார். அவராகக் கூப்பிட்டால் வைக்கவே மாட்டார்.

"யார்கிட்ட சார்?"

"கோவில்பட்டிக்கு. அந்தம்மா கட்டில் எந்தப் பக்கம், டிவி எந்தப் பக்கம்னு கேட்டேன். பக்கத்து வீட்டம்மா டிவியைத் திருப்பி வச்சுட்டாக."

"அது நம்ம வேலையா சார்? ஜல்தி வாங்க!"

முகூர்த்த நேரம் நெருங்கியது. பெண் மணையில் வந்து உட்கார்ந்தாள். அத்தையை மிக அருகில் கொண்டுபோய் அவள் முகத்தை வெளியே விட்டேன். மாப்பிள்ளை, கூரையில் தொங்குகிறவர் அல்ல, உண்மை மாப்பிள்ளை, தாலியைக் கையில் எடுத்தார். நாயனக்காரர் கெட்டிமேளத்துக்கு மூச்சை இழுத்துப் பிடித்தார். பெண் தலையைக் குனியவில்லை. நேராகக் கேமராவைப் பார்த்தாள்.

"அம்மா, பாக்குறியா?"

அவள் காத்திருந்தாள். எதற்குக் காத்திருக்கிறாள் என்று எனக்குப் புரியவில்லை. திரும்பிப் பார்த்தேன். தலையாட்டி ஜாய்ஸ்டிக்கிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"காலையில அந்தப் புள்ள கேட்டுச்சு டைரக்டரம்மா. அம்மா பாக்குறது எனக்கு எப்படித் தெரியும் அங்கிள்னு. தாலி கட்டும்போது அத்தையைப் பாத்துக் கேளு, அது சொல்லும்னுட்டேன்."

"எனக்குச் சத்தியம் பண்ணினீங்களே!"

"அதான் கையைக் கட்டிக்கிட்டு இருக்கேன். ரெண்டு பேருக்கும் வாக்கு குடுத்துட்டேன். யாராச்சும் ஒருத்தரு விட்டுக்குடுங்க."

மண்டபத்தில் புரோகிதர், "நாழி ஆறது! குனிம்மா!" என்று கத்தினார். பெண்ணின் அண்ணன் அம்மாவுக்குப் போன் போட்டுப் பார்த்தான். ஊர் முழுக்க அந்த நம்பருக்கே போட்டுக்கொண்டிருந்ததால் கிடைக்கவில்லை. பெண்ணின் கண் நிரம்பிவிட்டது.

"விட்டுக்கொடுத்தாச்சு சார்! ஆட்டுங்க!"

"செவப்பு லைட் எரியுதே."

பெரியப்பாவுக்கு மாற்றினேன். மண்டபம் முழுவதும் தெரிகிற படம் வெளியே போனது. அத்தையின் விளக்கு அணைந்தது. "இப்ப ஆட்டுங்க!"

"அந்தம்மா பாக்குறாகளான்னு தெரியாம எப்படி ஆட்டுறது? கல்யாணத்தில பொய் சொல்லச் சொல்றீகளா?"

அந்த நிமிடத்தில் என் கையில் கனமாக ஏதாவது இருந்திருந்தால் நான் இன்று ஜெயிலிலிருந்து எழுதிக்கொண்டிருப்பேன். அவர் நிதானமாகப் போனை எடுத்து, காலையில் பேசிய பக்கத்து வீட்டம்மாவைப் பிடித்து, ஸ்பீக்கரில் போட்டார்.

"அம்மா பாத்துட்டு இருக்காகளா?"

"பாக்குறாக அண்ணே. பொண்ணு இப்பத்தான் மணையில உக்காருது."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. எங்கள் படம் தில்லியிலிருந்து கோவில்பட்டி போய்ச் சேர ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும். இங்கே பெண் கேட்டுவிட்டு அழுதுகொண்டிருக்கிறாள். அங்கே அவள் இன்னும் கேட்கவே இல்லை.

"சார், அதான் பாக்குறாங்களே! ஆட்டித் தொலைங்க!"

"ருக்கோ, ருக்கோ, கொஞ்சம் பொறுங்க. புள்ள கேட்டதை அந்தம்மா கேக்கட்டும். கேக்காத கேள்விக்கு என்ன பதிலு?"

புரோகிதர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார், மாப்பிள்ளை தாலியைத் தாங்கிக்கொண்டு நிற்கிறார், நாயனக்காரருக்கு இழுத்த மூச்சை விடுவதா வேண்டாமா என்று தெரியவில்லை. நாங்கள் இருவரும் அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் ஒரு போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். பிறகு போனில், பக்கத்து வீட்டம்மாவின் குரலுக்குப் பின்னால், இன்னொரு குரல் மெலிதாக வந்தது.

"பாக்குறேன் தாயி... நல்லாத் தெரியுது தாயி... குனி."

தலையாட்டி ஜாய்ஸ்டிக்கைப் பிடித்தார். அத்தை தலையாட்டியது. ஒருமுறை, இரண்டுமுறை, மூன்றுமுறை. பெண்ணின் முகம் மலர்ந்ததை என் திரையில் பார்த்தேன். பார்த்ததும் தொழில் புத்தி முந்திக்கொண்டது. அந்த முகத்தை அவள் அம்மா பார்க்க வேண்டும் என்று பொத்தானை அமுக்கிவிட்டேன். அத்தை தலையாட்டுவதை இன்னும் நிறுத்தவில்லை. கூரைப் பூமாலை, பெண், தரைக்கோலம், மறுபடி பூமாலை என்று படம் ஆடிக்கொண்டே உலகம் முழுவதும் போனது. கெட்டிமேளம் முழங்கியது. தாலி ஏறியது. வெளியூரில் பார்த்துக்கொண்டிருந்த சொந்தக்காரர்கள் தில்லியில் பூகம்பமா என்று கேட்டு வரிசையாகப் போன் செய்தார்கள். அதில் ஒரு போன் முதலாளிக்கும் போனது.

மறுநாள் முதலாளி எங்கள் இருவரையும் கூப்பிட்டு நிற்க வைத்து, மிகவும் தாழ்ந்த குரலில், தப்பு யாருடையது என்று ஹிந்தியில் கேட்டார். அவர் விளக்கு அணைந்த பிறகுதான் ஆட்டினார். ஆடிக்கொண்டிருந்த கேமராவை வெளியே விட்டது நான். இதைச் சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள் தலையாட்டி சொல்லிவிட்டார்: "சிவப்பு விளக்கு எரிவதைப் பார்க்காமல் நான்தான் ஆட்டிவிட்டேன், டைரக்டரம்மா சரியாகத்தான் பொத்தானை அமுக்கினார்."

கேமராவைக்கூடப் பொய் சொல்ல விடாத மனிதர். நான் திறந்த வாயை மூடிக்கொண்டேன். அவர் வேலை போனது, என் ஒப்பந்தம் நீண்டது.

இப்போது எங்களிடம் இருப்பவை, பேசுகிறவரைத் தானாகவே தேடிப் பிடிக்கிற கேமராக்கள். டூ என்றால் டூ. எதிர்த்துப் பேச ஆளில்லை, இட்லிக்கு எழுந்துபோக ஆளில்லை. தலைவலியே இல்லாமல் வீட்டுக்குப் போகிறேன். எனக்கு அந்த அறையில் உட்காரவே பிடிக்கவில்லை.

முதலாளிக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. இதைப் பத்திரிகையில் எழுதிவிட்டு நான் பாட்டுக்கு நிம்மதியாக இருந்திருக்கலாம். ஆனால் நேற்று அவர் அறைக்குப் போய், அன்று நடந்ததை முழுவதும் ஹிந்தியில் சொல்லிவிட்டேன். கடைசிவரை கேட்டார். பிறகு, இரண்டு பேருமே பைத்தியம் என்றார். அதை உரத்த குரலில் சொன்னார். அந்த ஆளைக் கூப்பிடு என்றார்.

கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறேன் தலையாட்டி சார், நீங்கள் எடுக்கவில்லை. உங்கள் வீட்டுக்காரம்மா சர்க்கார் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும், அவருக்குக் கொடுத்திருந்த மோதி பாக் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டீர்கள். புது விலாசம் யாருக்கும் தெரியவில்லை. இந்தப் பத்திரிகையை வாரம் தவறாமல் வாங்குவீர்கள் என்பது மட்டும் தெரியும். ஒரு தடவை போனை எடுங்கள் சார். வந்து என் உயிரை வாங்குங்கள்.