கடல் இல்லாத பக்கம் கடல்மட்டம் பார்க்கப் போனவர்

தலையில் இடியப்பப் பானையைக் கவிழ்த்துக்கொண்டு, கழுத்தளவு தண்ணீர்ப் பீப்பாய்க்குள் ஒரு மத்தியானம் முழுக்கக் குந்தியிருந்தவன் நான். யாரும் பிடித்துத் தள்ளவில்லை. நானாகத்தான் ஏறி இறங்கினேன். அப்போது நான் மாவட்டக் கச்சேரியில் அரசாங்க எழுதுவினைஞர், கலியாணமான மனிதன், மூக்குக்கண்ணாடி வேறு. பானைக்குள்ளும் அதைக் கழற்றவில்லை, ஏதாவது தெரியாதா என்ற நப்பாசையில்.

என்னை அந்தக் கோலத்தில் இருத்தியவர் ஸ்பேஸ் அண்ணை. இந்தத் தீவிலிருந்து விண்வெளிக்குப் போகத் தகுதியுள்ளவர் அவர் ஒருவர்தான் என்று எங்கு வேண்டுமானாலும் சத்தியம் செய்வேன். திருகோணமலை ஓர்ஸ் ஹில்லில் பரிமளக்கா நடத்திய போர்டிங்கில் எனக்கு அடுத்த அறை. அவருடைய சொந்தப் பெயர் அடையாள அட்டைக்கும் அதைப் பார்க்கும் ஆமிக்காரருக்கும் மட்டுமே தெரியும். வாழ்நாளில் அவர் போன ஆகக்கூடிய தூரம் நிலாவெளி. ஒருமுறை மூதூர் போகும் லோஞ்சுப் படகில் ஏறியவர், கரையில் கட்டியிருந்த கயிற்றை அவிழ்க்க முன்னமே சத்தி எடுத்து இறக்கப்பட்டார். ஆனால் சந்திரனில் எங்கே மேடு, எங்கே பள்ளம் என்று கேட்டால், தன் மாமியார் வீட்டு வளவைச் சொல்வதுபோலச் சொல்வார்.

துறைமுகத்தில் கடல்மட்டம் அளப்பது அவர் வேலை. ஊரடங்கு போட்டாலும் கடல் ஏறி இறங்கும் என்பதால், எங்கள் போர்டிங்கில் அவருக்கு மட்டும் பாஸ் இருந்தது. அளவுகோலும் கையுமாக இறங்குதுறைக்குப் போகலாம், வரலாம். வேறு பக்கம் திரும்பக்கூடாது.

இரவுச் சாப்பாட்டுக்கு இருந்தால் விண்வெளிச் சரித்திரத்தைத் தொடங்கிவிடுவார்.

“முதலிலை ஒரு நாயை அனுப்பினவங்கள், தம்பி. திருப்பி எடுக்கிற யோசனையே இல்லாமல். இறக்கத் தெரியாதவன் ஏன் ஏத்தினவன்?”

அது நடந்து எத்தனையோ காலம். ஆனாலும் அன்றைக்குக் காலையில் நடந்ததுபோலக் கண் கலங்கும். அந்த நாயின் ஞாபகமாகத் தன் பாண் ரொட்டியில் பாதியைத் தெருநாய்களுக்குப் போடுவார். எங்கள் ஒழுங்கையில் மனிதர்கள் மெலிந்த காலத்திலும் நாய்கள் கொழுத்திருந்தன.

பிறகு சந்திரன். மூன்று பேர் போனார்கள், இரண்டு பேர் இறங்கி நடந்தார்கள், மூன்றாமவர் இறங்காமல் மேலே தனியாகச் சுற்றிக்கொண்டிருந்தார். ஸ்பேஸ் அண்ணையின் தெய்வம் அந்த மூன்றாமவர்தான்.

“அவர் சும்மா சுத்தினவர்தானே, அண்ணை?” என்று நான் ஒருநாள் வாயை விட்டேன்.

“சும்மாவோ? கீழை பதிஞ்ச காலடியைக்கூடப் படம் பிடிச்சவங்கள். மேலை காத்துக்கொண்டு நிண்டவன்ரை முகத்தை ஆர் பாத்தது? அவன் இல்லாட்டி அந்த ரெண்டு பேரும் எதிலை வீட்டை வாறது? நீர் கச்சேரியிலை உண்மையாய் வேலைதான் செய்யிறீரோ?”

செவ்வாய்க்கிரகத்துக்கு ஆள் எடுப்பதென்றால் திருகோணமலையில்தான் எடுக்கவேண்டும் என்பது அவருடைய முடிவு. “ஒரு அறைக்குள்ளை எட்டுப்பேர் நாட்கணக்காய் அடைபட்டுக் கிடக்கவேணும். கரண்ட் இல்லை, புதினப் பேப்பர் இல்லை, பருப்பும் பாணும்தான் சாப்பாடு. எங்களுக்கு இது புதுசோ? திரும்பி வரேக்கை எங்கடை துறைமுகத்துக்குள்ளையே வந்து விழலாம். நல்ல ஆழம், அலையுமில்லை.”

பரிமளக்கா குசினி அடுப்படியிலிருந்து கேட்டார். “மீன் பிடிக்கவே பாஸ் கேக்கிறாங்கள். வானத்திலையிருந்து விழுறவனுக்கு ஆர் பாஸ் குடுக்கிறது?”

அண்ணை கையில் எடுத்த பாணைத் திருப்பித் தட்டில் வைத்தார். பாஸ் விஷயத்தை அவர் யோசித்திருக்கவில்லை.

பீப்பாய்க் கதைக்கு வருகிறேன். என் மனைவி சரோஜா பிள்ளைப்பேற்றுக்காக அன்புவழிபுரத்தில் தாய் வீட்டில் இருந்தாள். அன்று விடியும்போதே ஊரடங்கு. விரிகுடாவுக்கு அப்பால் மூதூர்ப் பக்கம் ஷெல் சத்தம். முதல்நாள் மாலையே அவளுக்கு வலி தொடங்கிவிட்டது என்று மட்டும் செய்தி வந்திருந்தது. பிறகு ஒன்றுமில்லை. தொலைபேசியும் செத்துக் கிடந்தது. நான் சட்டையை மாட்டிக்கொண்டு வாசல் படலையைத் திறந்தேன். அண்ணை குறுக்கே நின்றார்.

“விடுங்கோ அண்ணை, நான் போகவேணும்.”

“சந்தி தாண்டமாட்டீர், சுட்டுப்போடுவாங்கள். பிள்ளை தகப்பன் முகம் பாக்கவேண்டாமோ?”

நான் அழுதேன். கத்தினேன். அவரைத் தள்ளியும் பார்த்தேன். அசையவில்லை. பிறகு குரலை மாற்றி, “இந்தப் பதட்டத்தோடை ஒரு இடமும் போகேலாது. ஸ்பேஸிலையிருந்து கடலிலை வந்து விழுறவனுக்கு முதல் பயிற்சி மூச்சு. பீப்பாய்க்குள்ளை இறங்கும். பானையைப் போடும். மூச்சை ஆறுதலாய் விடும். நான் சொல்லாமல் எடுக்கப்படாது” என்றார். புத்தி கலங்கிய நேரத்தில் யாராவது உறுதியாக ஒன்றைச் சொன்னால் மனிதன் செய்துவிடுகிறான். நான் செய்தேன்.

எவ்வளவு நேரமோ. பானையில் யாரோ தட்டினார்கள்.

“தம்பி, இடியப்பம் அவிக்கவேணும். பானையைத் தாரும்.”

“ஸ்பேஸ் அண்ணை சொல்லாமல் எடுக்கேலாது, அக்கா.”

“அந்தாள் போய் எவ்வளவு நேரம்! உம்மை உதுக்குள்ளை இருத்திப்போட்டு, கோலையும் தூக்கிக்கொண்டு அன்புவழிபுரத்துக்கெல்லோ போனவர்!”

எனக்குத் தண்ணீருக்குள்ளேயே வேர்த்தது. அவருடைய பாஸ் இறங்குதுறைக்கு. அன்புவழிபுரம் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போகும் வழி. சந்தியில் ஆமிக்காரரின் காவல் சென்றி. சரோஜாவுக்காக வைத்திருந்த நேர்த்திக்கடனில் பாதியை அந்த இடத்திலேயே ஸ்பேஸ் அண்ணைக்கு மாற்றினேன். ஈரத்தோடு படலையடியில் நின்றேன். தூரத்தில் ஒரு வெடி கேட்கும்போதெல்லாம் பரிமளக்கா என் கையைப் பிடித்தார். இடியப்பத்தை இருவருமே மறந்துபோனோம்.

வெயில் தாழ வந்தார். இடுப்புச் சாரம் கிழிந்திருந்தது, காலில் இரத்தம், தோளில் கோல்.

“பெட்டைப் பிள்ளை. தாயும் பிள்ளையும் சுகமாய் இறங்கியாச்சு.”

நான் அவரைக் கட்டிப்பிடித்து ஊளையிட்டேன். பரிமளக்காதான் கேட்டார். “சென்றியிலை மறிக்கேல்லையோ?”

“மறிச்சான். கடல் அந்தப் பக்கமெல்லோ, ஏன் இந்தப் பக்கம் போறாய் எண்டான். அங்காலை அளந்தாச்சு, இங்காலை கடல் இன்னும் வரேல்லையோ எண்டு பாக்கப்போறன் எண்டனான். பெடியன் கொஞ்சநேரம் யோசிச்சுப்போட்டு, வந்தால் ஓடிவந்து சொல்லு எண்டு விட்டிட்டான்.”

“அப்ப கால்?”

“நாய் கடிச்சது. ஸ்பேஸைப் பற்றி ஒண்டும் தெரியாத நாய்.”

பிள்ளைக்கு நிலா என்று பெயர் வைத்தோம். வேறென்ன வைப்பது? பிறகு நாங்கள் கனடா போனோம். போர்டிங்கில் இருந்த மற்றவர்களும் லண்டன், பாரிஸ், மெல்பேர்ண் என்று ஆளுக்கொரு கிரகமாகப் போய்ச் சேர்ந்தார்கள். சண்டை முடிந்து எங்களில் யார் ஊருக்குப் போய்க் கதவைத் தட்டினாலும் ஓர்ஸ் ஹில்லில் அதே அறை, அதே மனிதர், வாசலில் அதே சாயலில் கொழுத்த நாய்கள்.

“எல்லாரும் போயிட்டம். நீங்கள் மட்டும் ஏன் அண்ணை ஒரு இடமும் போகேல்லை?” என்று நான் போனபோது கேட்டேன்.

நாய்க்குப் பாணைப் பிய்த்துப் போட்டபடி, நிமிர்ந்து பார்க்காமலே சொன்னார்.

“நானும் போனால் நீங்களெல்லாம் ஆரிட்டைத் திரும்பி வாறது?”