நின்றது லிஃப்ட் அல்ல

மூன்று மணி நேரம் பதினோரு நிமிடங்கள். அந்த நேரத்துக்குள் மனிதகுலத்தின் அச்சம் முடிவை நோக்கித் திரும்பியது. இடம்: பிரிக்பீல்ட்ஸில் எங்கள் அடுக்குமாடியின் லிஃப்ட், ஏழாம் மாடிக்கும் எட்டாம் மாடிக்கும் நடுவே. உள்ளே இருந்தவர் ஒன்பதாம் மாடிக் குமுதா ஆன்டி. துணைக்கு இருந்தது பாசாரில் வாங்கிய மீன்.

தீயணைப்புப் படையினர் கதவை நெம்பி அவரை வெளியே எடுத்தபோது, "இனிமே இந்தப் பொட்டிக்குள்ள கால வைக்க மாட்டேன்" என்றார் ஆன்டி.

சாதாரணக் குடியிருப்பு என்றால் லிஃப்டைப் பழுதுபார்த்திருப்பார்கள். எங்கள் பராமரிப்புக் குழு அவ்வளவு தாழவில்லை. லிஃப்ட் வெறும் இரும்பு; பயம்தான் நோய் என்று கண்டுபிடித்தது.

கண்டுபிடித்தவர் குழுத் தலைவர் கனகலிங்கம் அங்கிள். அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். பதினோரு ஆண்டுகளாக அவர்தான் தலைவர். இத்தனை காலத்தில் லிஃப்டைப் பற்றி ஒரு முறைகூடக் குறை சொன்னதில்லை. அது ஓடாத நாட்களிலும் இஸ்திரி கலையாத சட்டையோடு, ஒரு சொட்டு வியர்வை இல்லாமல், கூட்டத்துக்கு முதல் ஆளாக வந்துவிடுவார். நாங்கள் படியிறங்கி மூச்சு வாங்கிக்கொண்டு வந்து சேரும்போது, "எல்லாம் மைண்ட் லா" என்பார்.

அவர்தான் கிள்ளானிலிருந்து விமலன் என்ற 'உள்நிலை மாற்ற ஆலோசகரை' வரவழைத்தார். வெள்ளை ஜிப்பா, காதோடு ஒட்டிய மைக். கீழ்த்தள மண்டபத்தில் சனிக்கிழமைதோறும் வகுப்பு.

முதல் வகுப்பில் அவர் சொன்னார்: "ஆன்டி, அன்னிக்கு நின்னது லிஃப்ட் இல்ல. உங்க மனசு."

"மனசு நின்னா கதவு ஏன் தம்பி தொறக்கல?"

"கதவு உள்ளதான் இருக்கு, ஆன்டி."

"நானும் உள்ளதான் இருந்தேன். பட்டன அமுக்கி அமுக்கி வெரல் வீங்கிப்போச்சு."

"அந்த நேரத்துல உள்ள ஏதாச்சும் மாற்றம் தெரிஞ்சுச்சா?"

"எனக்குத் தெரியல. மீனுக்கு நல்லாத் தெரிஞ்சுச்சு."

கூட்டக் குறிப்பில் இது, 'பங்கேற்பாளர் ஒருவர் மாற்றத்தை நேரடியாக உணர்ந்தார்' என்று பதிவானது.

முன்னேற்றம் வேகமாக வந்தது. லிஃப்டில் அவசர அழைப்பு எண் இருந்த இடத்தில் 'நான் யார்?' என்ற வாசகம் ஒட்டப்பட்டது. எங்கள் லிஃப்டில் நான்காம் எண் இல்லை. சிலருக்கு அது ஆகாது என்று 3A என்றிருக்கும். அச்சமின்மையின் சின்னமாக அதை 4 ஆக்கத் தீர்மானம் வந்தது. வீட்டு விலை இறங்கிவிடும் என்று அந்த மாடியின் எல்லா இனத்தவரும் ஒற்றுமையாகப் பயந்ததால் ஒத்திவைக்கப்பட்டது.

நான் இயற்பியல் பட்டதாரி. பிரேக் தேய்ந்தால் அது பிரேக்கின் பிரச்சினை என்றுதான் எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். குறுகிய கல்வி. அதோடு கூட்டத்தில் வாய் திறக்க எனக்குப் பயம். அதனால் விமலன் சொன்ன மூச்சுப் பயிற்சியை உண்மையாகவே செய்தேன், வீட்டில், கதவைச் சாத்திக்கொண்டு.

அவசரமும் இருந்தது. முழங்கால் அறுவை முடிந்து அம்மா பன்னிரண்டாம் மாடியில் இருந்தார். திங்கட்கிழமை தையல் பிரிக்க மருத்துவமனைக்குப் போக வேண்டும். படி இறங்க முடியாது. லிஃப்டில் ஏறினால் எப்போது வெளியே வருவார் என்று யாராலும் சொல்ல முடியாது. ஞாயிற்றுக்கிழமையே வந்து சரிசெய்ய மெக்கானிக் தயார். தலைவர் சம்மதித்தால் போதும்.

சனிக்கிழமைக் கூட்டத்தில் தீர்மானம் வாசிக்கப்பட்டது: 'லிஃப்ட் பழுதுபார்ப்பை ஓராண்டு தள்ளிவைத்து, அச்ச நீக்க வகுப்பை நீட்டிப்பது.'

கனகலிங்கம் அங்கிள் எழுந்தார். "நானும் இந்த பில்டிங்லதான் இருக்கேன். பதினோரு வருஷம். லிஃப்டால எனக்கு ஒரு நாளாவது பயம் வந்திருக்கா?"

கைதட்டல். குமுதா ஆன்டியும் தட்டினார். ஒன்பது மாடி இறங்கி வந்தவருக்கு, கடைசியில் கொடுக்கும் மீகூன் நூடுல்ஸை விட்டுவிட்டு ஏற மனமில்லை.

"ஓட்டுக்கு முன்னால ஒரு பயிற்சி," என்றார் விமலன். "யாருக்காவது மனசுல இன்னும் பயம் இருந்தா, எழுந்து நின்னு, மூச்ச நல்லா இழுத்து, சத்தமா சொல்லிடுங்க. சொன்னா போயிரும்."

நான் எழுந்தேன். மூச்சை இழுத்தேன். பயிற்சி பலிக்கும் என்பதற்கு நானே சாட்சி.

"சொல்லும்மா," என்றார் கனகலிங்கம் அங்கிள், அன்போடு. "எந்த மாடி நீ?"

"பன்னெண்டு, அங்கிள்."

"லிஃப்ட்ல ஏறப் பயமா?"

"இல்ல அங்கிள். ஒரு விஷயம் சொல்லத்தான் பயமா இருந்துச்சு. இப்பப் போயிருச்சு."

"வெரி குட். என்ன விஷயம்?"

"உங்க வீடு கிரவுண்ட் ஃப்ளோர்."