அரிசியளவு தழும்பு

வாசல் குழாயடியில் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்தபோது கஸ்தூரியின் புடவை கொஞ்சம் விலகிவிட்டது. தொப்புளுக்குக் கீழே அரிசியளவு தழும்பு. ஊசியில் நூல் கோக்க ஆள் தேடும் மாமியார் ஜெகதாம்பாளுக்கு அது மட்டும் பளிச்சென்று தெரிந்தது.

"இன்னாடி அது வவுத்துல?"

"சிரங்குமா!" என்று முந்திக்கொண்டான் புருஷன் வரதன். பி.எஸ்சி. படித்த பெண்டாட்டிக்காகப் பொய் சொல்வதைக் கடமையாகவே வைத்திருந்தான்.

"சிரங்குக்கு எவன்டா தையல் போட்டான்?"

"அது... குடல்வால் ஆப்ரேசன்."

"பக்கத்து வூட்டு முனியம்மாளுக்கு அந்தத் தழும்பு சாண் நீளம் கீதுடா. இது கேம்ப்புல போடற ஓட்டை! கல்யாணத்துக்குப் போறேன்னு மெட்ராஸ் போயி, குடும்பக் கட்டுப்பாடு பண்ணிக்கினு வந்துகீறா!"

உத்திரமேரூர்ப் பக்கம் சின்ன ஓட்டை என்றால் அது ஒன்றுதான். பள்ளிக்கூட பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டு, பெண்களை வரிசையாகப் படுக்க வைத்துச் செய்வார்கள்.

கஸ்தூரி குடத்தை 'ணங்'கென்று வைத்தாள்.

"கர்ப்பப்பையில கட்டி இருந்தது அத்தை. எனக்கு ரெண்டு தரம் கலைஞ்சதுக்கு அதுதான் காரணமா இருக்கும்னு டாக்டர் சொன்னாங்க. இப்ப புதுசா ஒரு ஆப்ரேசன் வந்திருக்குது, சின்ன ஓட்டையில குழாய் விட்டு எடுத்துட்டாங்க. புள்ளை பெத்துக்கத்தான் போனேன்."

"எத்தினி பெரிசு?"

"நெல்லிக்காய் அளவு."

"அரிசி ஓட்டையில நெல்லிக்கா எப்டிடி வரும்?"

"நறுக்கி நறுக்கி எடுத்தாங்க."

"அது இன்னா ஊறுகாயா?"

பொய்யைக்கூடக் கொஞ்சம் யோசித்தவள், உண்மையைச் சுத்தமாக நம்பவில்லை.

கட்டிலில் உட்கார்ந்திருந்த மாமனார் தங்கவேலு பெருமூச்சு விட்டார். நாலு பெண்களுக்கு நடுவே வரதன் ஒரே பையன். அவனுக்கு ஒரு தம்பி வேண்டுமென்று ஆடிக் கிருத்திகை தவறாமல் திருத்தணியில் மொட்டை போடுகிறவர் அவர். "என் வேண்டுதலைத்தான் அந்த முருகன் காதுலயே வாங்கல. வஞ்சனைக்காரன்! பேரனாச்சும் வரும்னு பாத்தேன்."

"வரும். தாமல் ஊர்ல என் தம்பி பொண்ணு சும்மாதான கீது? வரதனுக்கு ரெண்டாந்தாரமா பேசி முடிச்சுட்டு வரேன்" என்று ஜெகதாம்பாள் பையைத் தூக்கினாள்.

வரதன் சைக்கிளை மிதித்தான். அவள் பஸ்ஸுக்குக் கிளம்புவதற்குள் சுகாதார நிலையத்து நர்ஸ் ராணியம்மாளைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு வந்து இறக்கினான். கேம்ப்புக்கு ஆள் சேர்ப்பதே ராணியம்மாளின் வேலை என்று ஊருக்கே தெரியும். அவனுக்கு மட்டும் அது ஞாபகம் வரவில்லை.

"பாத்தீங்களா! கேஸ் புடிச்சவளே வந்துட்டா!"

"ஐயோ, இது வேற ஆப்ரேசன் ஜெகதா. இனிமேதான் புள்ளை தங்கும்."

"யாராண்ட கதை வுடற? வவுத்துல காத்தடிச்சு, தலையைக் கீழ சாச்சு ஓட்டை போடுவாங்க. எழுந்தா வவுத்தைவுட தோள்பட்டைதான் உயிர் போற மாரி வலிக்கும். மெட்ராஸ்லேர்ந்து வந்து ரெண்டு நாள் இவ தோள்பட்டைக்குத்தானே தைலம் தேச்சா? கேம்ப்பு ஆப்ரேசனேதான்!"

ராணியம்மாள் திடீரென்று கூரை ஓடுகளை ஆராய ஆரம்பித்தாள்.

கஸ்தூரி மாமியாரை ஏற இறங்கப் பார்த்தாள். "தோள்பட்டை வலிக்கும்னு எனக்கே எழுந்தப்புறம்தான் தெரிஞ்சுது. உங்களுக்கு எப்படி அத்தை தெரியும்?"

தாமலுக்குப் புறப்பட்ட பை ஜெகதாம்பாளின் கையிலிருந்து நழுவியது.

தங்கவேலு மொட்டைத்தலையை மெல்லத் தடவிக்கொண்டார்.

"அப்போ, இத்தினி வருசமா நான் முருகனைத் திட்டுனதெல்லாம் தப்பாடி?"