நான் டேனியலாக இருந்த சனிக்கிழமை

ஊரை ஏமாற்றவும் ஒரு முகவெட்டு வேண்டும். எனக்கு அது கிடையாது. பொய் சொன்னால் மூக்கின் மேல் வியர்த்துவிடும், ஏசி அறையில்கூட. இது தெரிந்திருந்தும் ஒரு சனிக்கிழமை மாலை நான் வேறொருவனாக இருந்தேன். காரணம் ஒரு சினிமா.

ஆரணியிலிருந்து பெங்களூருக்கு வேலைக்கு வந்த புதிது. அடுகோடியில் ஒரு பிஜி விடுதியில் தங்கியிருந்தேன். அறைத்தோழனுக்கு இரவு ஷிப்ட், எனக்குப் பகல். அவனை நான் போர்வைக்குள் மட்டுமே பார்த்திருக்கிறேன். லீவு நாளில் என்னிடம் பேசும் ஒரே ஆள் வாட்ச்மேன். "ஊட்ட ஆய்தா?" என்பார். சாப்பிட்டாயிற்று என்பதற்கு "ஆய்து" என்பேன். என் கன்னடம் அத்தோடு தீர்ந்துவிடும், எங்கள் பேச்சும்தான். அம்மா போன் செய்தால், பிரெண்ட்ஸோடு வெளியே இருப்பதாகச் சொல்லிவிட்டு, சத்தம் கேட்கட்டும் என்று பஸ் ஸ்டாப் பக்கம் நகர்ந்துகொள்வேன். (போனில் மூக்கு தெரியாது.)

அன்று தனியாகப் படத்துக்குப் போனேன். நிஜமாகவே வாழ்ந்த ஒரு இளம் மோசடிக்காரனின் கதை. மீசை முளைக்காத பையன் இரவல் கோட்டு மாட்டிக்கொண்டு எந்த வீட்டிலும் எந்த ஆபீஸிலும் நுழைந்துவிடுகிறான். அவன் சுருட்டிய பணத்துக்குத் தியேட்டரே விசிலடித்தது. நான் பார்த்தது வேறு. போகிற இடமெல்லாம் அவனை உட்காரவைத்துச் சோறு போட்டார்கள். எனக்கு வயிறு எரிந்தது.

வெளியே வந்ததும் பிஜிக்குத் திரும்ப மனமில்லை. கிடைத்த பஸ்ஸில் ஏறி, காக்ஸ் டவுனில் இறங்கி, சும்மா நடந்தேன். ஒரு பழைய வீட்டு வாசலில் நாலைந்து ஜோடிச் செருப்புகள். உள்ளே தமிழில் கிறிஸ்தவப் பாட்டு, கூடவே மட்டன் குழம்பு வாசனை. ஜெபக்கூட்டம் என்று புரிந்தது. உள்ளதைச் சொல்லி நின்றிருந்தாலே கூப்பிட்டிருப்பார்கள். ஆனால் அந்தக் கோட்டுப் பையன் என் மண்டைக்குள் புகுந்துவிட்டானே!

வாசலில் இருந்த பெரியவர், "யாருப்பா நீ?" என்றார்.

"டேனியல், அங்கிள்."

"எந்த சர்ச்சு?"

கேள்வி வந்தால் திருப்பிக் கேள்வி கேள் என்பது படத்தில் கற்ற பாடம். "நீங்க எந்த சர்ச்சு, அங்கிள்?" என்றேன். அவர் தங்கள் சர்ச்சில் நடக்கும் பாடகர் குழுச் சண்டையை ஆதியிலிருந்து ஆரம்பித்து, பேசிக்கொண்டே என்னை உள்ளே உட்காரவைத்துவிட்டார்.

வீட்டுக்காரர் ஸ்டெல்லா ஆன்ட்டி, ரிட்டயர்டான டீச்சர். கையில் ஒரு பைபிளைக் கொடுத்தார். பயபக்தியோடு வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். (என் நடிப்பை நானே மெச்சிய கட்டம்.) பக்கத்திலிருந்த அம்மாள், "ஃபேன் காத்து வருதாப்பா?" என்று கேட்டார். மாட்டிக்கொள்ளக் கூடாது, வாராவாரம் இந்த வீட்டுக்கு வர வேண்டும் என்று அந்த நிமிஷமே முடிவு செய்தேன்.

அப்போதுதான் ஆன்ட்டி சொன்னார்: "முடிவு ஜெபத்தை டேனியல் தம்பி ஏறெடுப்பார்."

எனக்குத் தெரிந்த ஜெபமெல்லாம் பரீட்சைக்கு முன்னால் பிள்ளையாரிடம் பேசிய பேரம்தான். இங்கேயோ சொந்தமாக, சத்தமாக, எல்லார் சார்பிலும் பேச வேண்டும். எல்லாரும் கண்ணை மூடிக் காத்திருந்தார்கள். மூக்கு வியர்த்தது.

"ஆண்டவரே..." என்று ஆரம்பித்தேன். அவசரத்துக்கு ஒரு பொய்கூட வரவில்லை. "இவங்க எல்லாரையும் நல்லா வைங்க. நான் இங்க தனியா இருக்கறது எங்கம்மாவுக்குத் தெரியக் கூடாது. சனி, ஞாயிறு வந்தாலே பயமா இருக்கு ஆண்டவரே. வெள்ளிக்கிழமை ஆபீஸ்ல பேசினா, அப்புறம் திங்கக்கிழமைதான் வாயத் தொறக்கறேன்..."

அழுகை வந்துவிட்டது. நிறுத்தவும் தெரியவில்லை. பக்கத்து அம்மாளும் விசும்பினார். எப்படியாவது முடித்தாக வேண்டுமே! வருஷா வருஷம் அப்பாவோடு திருத்தணிக்குக் காவடிக்குப் போய்ப் பழகிய தொண்டை, என்னைக் கேட்காமலே வீடு அதிரக் கத்தியது:

"அரோகரா!"

நான் செருப்பு கிடந்த திசையைப் பார்த்தேன்.

"ஆமென்," என்றார் ஸ்டெல்லா ஆன்ட்டி, நிதானமாக. மற்றவர்களும் வேறு வழியில்லாமல் ஆமென் சொன்னார்கள்.

"நெஜப் பேரு என்னப்பா?"

"வேல்முருகன், ஆன்ட்டி."

"பைபிளக் குடுத்தப்பவே கண்ணுல ஒத்திக்கிட்டியே. எங்காளுங்க யாரு அப்படிப் பண்றாங்க?"

"தெரிஞ்சுமா ஜெபம் பண்ணச் சொன்னீங்க?"

"வாராவாரம் இதே ஆளுங்க, இதே ஜெபம். பெத்த மகனும் ஃபோன்ல நல்லா இருக்கியான்னு கேட்டுட்டு வெச்சுர்றான். புதுசா ஒரு கொரல் கேக்கலாமேன்னுதான். சரி, கை கழுவிட்டு வா, சாப்டு."

அதன்பின் பல வருஷம் என் சனிக்கிழமைகள் அந்த வீட்டில்தான் கழிந்தன. எனக்குக் கல்யாணமானது. ஆன்ட்டியை மகன் வெளிநாட்டுக்குக் கூட்டிப்போனார். இப்போது என் வீட்டில் யார் பொய் சொன்னாலும், "மூக்கத் தொடைங்க, டேனியல்!" என்பதுதான் பேச்சு.

சனிக்கிழமைகளில் நான் ஆன்ட்டிக்குப் போன் செய்கிறேன். அங்கே பேச்சுத்துணைக்கு ஆள் இருக்கிறதா என்று கேட்டால், "இப்பகூட பிரெண்ட்ஸோட வெளியதான்பா இருக்கேன்," என்கிறார். பின்னால் பஸ் போகிற சத்தம் மட்டும் கேட்கிறது. அந்தச் சத்தம் எனக்குத் தெரியாதா?

அதனால் சீக்கிரம் வைப்பதில்லை. சாப்பாட்டில் தொடங்கி ஃபேன் வரைக்கும் பேசுகிறேன். கடைசியில், "சரி டேனியல், முடிச்சு வையி," என்பார். என் மனைவியும் மகளும் காதைப் பொத்திக்கொள்வார்கள். நான் வீடு அதிர "அரோகரா!" என்பேன். கடலுக்கு அந்தப் பக்கமிருந்து, பஸ் சத்தத்துக்கு நடுவே, ஒரு ஆமென் கேட்கும்.