மேசைக்கு அடியிலிருந்து ஏலத்துக்கு வந்த ரேடியோ

பாறசாலை முதல் நெய்யாற்றின்கரை வரை லஞ்சத்தை ஒழித்தவர் ஒரே ஒருவர்தான். அவருக்கு லஞ்சத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஏலம் போடத் தெரியும்.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும், காணிக்கையாக வந்த வாழைக்குலை, சேவல், பலாச்சக்கை எல்லாவற்றையும் சபை முற்றத்தில் கூவி விற்பவர் அவர். ஊருக்கு ‘ஒரு தரம் அண்ணன்’. சொந்தப் பெயர் அவருக்கே மறந்திருக்கும்.

எங்கள் ஊர் தமிழோடா மலையாளத்தோடா என்ற எல்லைப் போராட்டம் சூடாக இருந்த காலம். இன்டர்மீடியட் முடித்துவிட்டு யாரைத் திருத்தலாம் என்று நான் தேடிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் காரக்கோணம் போகிற வழியில் ஒரு தென்னை விளையில் முதுமக்கள் தாழி கிடைத்தது. இடுப்பளவு உயரம், ஒரு கீறல் இல்லை. தோண்ட வந்த வெள்ளைக்காரச் சாயிப்புக்கு அதைக் கப்பலேற்ற ஆசை. கையெழுத்துப் போட வேண்டிய அதிகாரிக்கு எதில் ஆசை என்று சாயிப்பு மெல்ல விசாரித்தார். விசாரித்தது என் மூலமாக. சம்பளமில்லாத மொழிபெயர்ப்பாளன் நான்.

உடனே ஊழல் தடுப்புக் கமிட்டி தொடங்கினேன். சாயிப்பிடம் யார் எது வாங்கினாலும் ஊர் நடுவில் ஏலம் போடப்படும், பணம் சர்க்கார் கஜானாவுக்கு. டீக்கடையில் சட்டத்தை முழங்கினேன். எல்லாரும் கைதட்டிவிட்டு மறந்தார்கள். அண்ணன் மட்டும் நம்பிவிட்டார்.

மறுநாளே என்னைப் பிடித்தார்.

“எலே மக்கா, தலையில என்னதுலே?”

“தொப்பி அண்ணா. சாயிப்பு தந்தது.”

“எதுக்குத் தந்தாரு?”

“சினேகத்துல ஆக்கும்.”

“சினேகமும் ஒனக்க சட்டத்துல உண்டுல்லா. கழற்று.”

என் தொப்பியை நானே ஏலம் கேட்டுத் தோற்றேன். எடுத்தவர் பூவாறு மீன்காரர். கூடைக்கு நல்ல மூடி என்று பார்க்கும்போதெல்லாம் பாராட்டுவார்.

அடுத்து, தாழிக்குக் காவல் இருந்தவருக்குச் சாயிப்பிடமிருந்து வந்த பிஸ்கட் டின். தமிழ்க் கட்சியும் மலையாளக் கட்சியும் மோதின. தமிழ் மானம் காக்க நான் பெஞ்சில் ஏறிப் பேசினேன். டின் எங்களுக்கு வந்தது. பிஸ்கட் நமத்திருந்தது.

பிறகுதான் ரேடியோ. அன்று மாலை அதிகாரி கையெழுத்துப் போடப்போகிறார் என்று பேச்சு. அவர் ஆபீசில் சாயிப்பும் நானும் இருந்தோம். மேசைக்கு அடியில் துணி மூடிய ஒரு பெட்டி. அண்ணன் நேரே உள்ளே போய் அதை இழுத்துத் துணியை விலக்கினார்.

“சார், இது ஆருக்கதாக்கும்?”

அதிகாரி கூரையைப் பார்த்தார். “எனிக்கு அறியில்லா.”

“சாயிப்பே, ஒமக்கா?”

நான் மொழிபெயர்த்தேன். சாயிப்பு அவசரமாக இல்லையென்று தலையாட்டினார்.

“அப்போ ஆளில்லாத சாமானம்” என்று ரேடியோவைத் தலையில் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு நடந்தார் அண்ணன். “ஒரு தரம்...”

ஊரே கூடியது. ரேடியோவைப் பிரிய மனமில்லாத சாயிப்பும் ஏலம் கேட்டார். எல்லைத் தகராறில் முதல் தடவையாக இரு கட்சியும் ஒன்று சேர்ந்து, அவருக்கு எதிராக விலையை ஏற்றின. கடைசியில் சாயிப்பு தன் ரேடியோவைத் தானே வாங்கினார். கஜானா ரசீதும் கிடைத்தது.

இத்தனை கண்களுக்கு முன்னால் அதிகாரி பேனாவைத் தொடவில்லை. தாழி திருவனந்தபுரம் அருங்காட்சியகத்துக்குப் போகட்டும் என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். கமிட்டித் தலைவர் என்ற முறையில் நன்றியுரைக்கு எழுந்தேன். கூட்டம் கலைந்திருந்தது.

லாரியில் தாழியோடு அண்ணனும் நானும் ஏறினோம். நெய்யாற்றின்கரை தாண்டியதும் மழை. அண்ணன் குடையை விரித்துத் தாழிக்குப் பிடித்தார்.

“அண்ணா, அது மண்ணுக்குள்ள எத்தன மழ கண்டிருக்கும். நீங்கல்லா நனையுதிய.”

“இப்பதானே மக்கா வெளிய வந்திருக்கு. குளிரும்.”

என்னிடமும் ஒரு குடை இருந்தது. பாலராமபுரத்தில் மழை விடும் வரை அதை அவருக்குப் பிடித்துக்கொண்டு போனேன்.